ஆர்சி புக்கில் இருக்கும் அந்த 17 எழுத்து

ஆம்பூர் டேனரியில் வேலை பார்க்கும் மச்சான், பழைய கார் ஒன்று வாங்கி திருப்பத்தூருக்கு ஓட்டி வந்தார். அதற்குள் பிள்ளைகள் பின்சீட்டில் ஏறிவிட்டார்கள். எனக்கு மனசு பதறியது. குறையுள்ள வண்டியைக் கம்பெனி திரும்ப அழைக்கும் ரீகால் கடிதம் பெரும்பாலும் பழைய ஓனர் முகவரிக்குத்தானே போகும்?

2024 அக்டோபரில் ஹோண்டா இந்தியாவில் 90,468 கார்களைத் திரும்ப அழைத்தது. சிட்டி மாடலும் அதில் உண்டு. காரின் ஃப்யூயல் பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லரில் குறை, இன்ஜின் நின்றுபோகலாம். ராத்திரியில், வாணியம்பாடி பைபாஸில், பின்னால் லாரி வரும்போது நின்றால்?

டகாட்டா கம்பெனி ஏர்பேக்கில் இருந்த குறை இன்னும் கொடுமை. உள்ளிருக்கும் அம்மோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கில் வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிடும். நம் வேலூர் வெயிலை நினைத்துப் பாருங்கள்.

அதனால் ஆர்சி புக்கில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் நம்பரை விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். கார் கம்பெனி வெப்சைட்டில் மச்சான் அடித்தார். ரீகால் பாக்கி எதுவும் இல்லை. பழைய வண்டி வாங்கியவர்கள் இன்றைக்கே பாருங்கள். ரீகாலில் மாற்றித் தர காசு வாங்க மாட்டார்கள்.