இறால் வேஷம்

இறால் என்றதும் நமக்கு நினைவு வருவது வாணலிதான். பஹாமாத் தீவுகளில் தூண்டில் போடுகிறவர்களுக்கோ அது ஒரு வேஷம்! தூண்டில் முள்ளில் மயிரும் ஜிகினாவும் சுற்றி இறால் செய்கிறார்கள். அதற்குப் பெயர் 'ஈ'. ஆற்று மீனுக்குப் பூச்சி வேஷம் கட்டிய நாளையப் பெயர், கடல்வரை ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது 'கிரேஸி சார்லி'. 1977-ல், ஆண்ட்ரோஸ் தீவில் சார்லி ஸ்மித் என்ற வழிகாட்டியோடு மீன் பிடித்த அமெரிக்கர் பாப் நாஹைம் உருவாக்கியது. காலும் இல்லை, மீசையும் இல்லை. இரண்டு மணிக் கண்கள் மட்டும். அந்தக் கண்களின் கனம்தான் முள்ளை மேல்நோக்கித் திருப்பி, தரையில் சிக்காமல் காக்கிறது.

தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்க்கக் கூடாது; கடலின் தரையைப் பார்க்க வேண்டும். வெண்மணலுக்கு வெளிர் நிறம், பாசித் தரைக்குப் பழுப்பு. கணுக்கால் நீருக்கு லேசான கண், முழங்கால் நீருக்குக் கனமான கண்.

சுறாவுக்குப் பயந்தே வாழும் போன்ஃபிஷ், 'தொப்'பென்ற சத்தத்துக்கே ஓடிவிடும். ஆகவே சற்று முன்னால் எறிந்து, அமிழவிட்டு, மீன் நெருங்கியதும் கயிற்றை விட்டுவிட்டுச் சுண்ட வேண்டும். தப்பியோடும் இறால் அப்போதுதான் பிறக்கிறது! கவ்வியதும் கோலைத் தூக்கினால் இரை வாயிலிருந்து நழுவிவிடும். கயிற்றைத்தான் இழுக்க வேண்டும்.

பிடித்ததைப் பெரும்பாலும் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். களைத்த மீன் சுறாவுக்கு இரை. வேஷம் போட்டு ஏமாற்றியவருக்கு அந்தத் தர்மமாவது வேண்டாமா?