நான் திறந்துவிட்ட கூடை



செஞ்சிப் பக்கம் பிறந்த எல்லாருக்கும் தேசிங்கு ராஜா கதை தெரியும். 1714-ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப்போடு சண்டை போட்டு இறந்துபோனவர். அவர் பெயரைச் சொன்னால் கூடவே அவருடைய குதிரையையும் சொல்வார்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, எங்கள் தெருவில் மறுபடியும் குதிரைக் கதைதான் பேசினார்கள். ஆனால் நான் எழுதப்போவது கோழிக் கதை. இதில் வீரம் எதுவும் இல்லை. நான் சொன்ன ஒரு பொய்தான் இருக்கிறது.

அனந்தபுரத்தில் எங்கள் வீட்டில் ஆறு கோழி, ஒரு சேவல், மணி என்று ஒரு நாய். கோழிகளில் எனக்குப் பிடித்தது செவப்பி. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைப்பதற்குள் காலைச் சுற்றிச் சுற்றி வரும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆயா வீடு. சொந்த ஆயா இல்லை, ஆனால் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆயா தனியாக இருக்குது. மூட்டுவலி. பாத்திரம் கழுவுற தண்ணியைக் கூட வீணாக்காது. அதை ஊத்தியே கத்தரி, வெண்டை, கூரை மேல ஒரு பீர்க்கங்கொடி எல்லாம் வளர்த்து வைத்திருக்கும். கத்திரி வெயிலில் ஊரே காய்ந்து கிடந்தாலும் ஆயா தோட்டம் மட்டும் பச்சையாக இருக்கும். வேலிச் சந்து வழியாக ஆயா காய் கொடுக்கும், நாங்கள் மல்லாட்டை கொடுப்போம். ஆயாவுக்கு நாலு கோழி. முட்டை விற்ற காசில்தான் வெற்றிலை பாக்கும் வலி மாத்திரையும்.

இந்த வருஷம் பிப்ரவரியில் கோழிகளுக்குத் தடுப்பூசி முகாம் நடந்தது. கால்நடை பராமரிப்புத் துறை ஒவ்வொரு வருஷமும் இலவசமாகப் போடுவது. கோழியை வெளியில் விடுவதற்கு முன்னால் காலையிலேயே கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா கழனி வேலைக்குப் போகணும். அதனால் என்னைக் கூப்பிட்டு, "நம்ம கோழியயும் ஆயா கோழியயும் நீயே கொண்டுபோய் போட்டுக்கினு வந்துடு" என்றார்கள். ஆயாவும், "கண்ணு, ஒன்ன நம்பித்தான் அனுப்பறேன்" என்று சொல்லுச்சு.

நான் முதலில் செவப்பி இருந்த கூடையை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு கோழியின் இறக்கைக்கு அடியில் ஊசி குத்தினார்கள். அது கத்தின கத்தலில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. செவப்பியும் இப்படித்தானே கத்தும் என்று நினைத்தேன். அப்படியே திரும்பி வந்து, வீட்டுக்குப் பின்னால் கூடையைத் திறந்துவிட்டேன். மற்ற கோழிகளையும் திறந்துவிட்டேன். ஆயா கோழிகளையும்தான். பிறகு அம்மாவிடமும் ஆயாவிடமும், "போட்டாச்சு" என்று சொன்னேன். இரண்டு பேரும் நம்பினார்கள்.

சித்திரையில் ஆயா வீட்டுப் பெட்டை அடைகாத்து, இருபத்தொரு நாளில் பதினோரு குஞ்சு பொரித்தது. லீவு முழுக்க நானும் மணியும் பருந்து வராமல் காவல் இருந்தோம். லீவு முடிகிற சமயத்தில் செவப்பி இரை எடுக்கவில்லை. இறக்கையைத் தொங்கப் போட்டு மூலையில் நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. வெங்காயமும் சீரகமும் அரைத்து ஊட்டினேன். மூன்றாம் நாள் கழுத்தைத் திருகிக்கொண்டு செத்துப்போனது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் செவப்பியை ஏரிக்கரைப் புதரில் தூக்கிப் போட்டுவிட்டு, காணோம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மணி மோப்பம் பிடித்துப் போய் அதை இழுத்து வந்து ஆயா தோட்டத்தில் போட்டது. நான் ஓடிப்போய் எடுப்பதற்குள் ஆயா கோழிகள் அதைச் சுற்றிக் கிளறிக்கொண்டிருந்தன.

அந்த வாரமே ஆயா மூன்று வீட்டுக்குக் குஞ்சுகளை வாரத்துக்குக் கொடுத்தது. "தாய்க்கோயிக்கு ஊசி போட்டாச்சு, பயமில்லாம வளங்க" என்று சொல்லிக் கொடுத்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பத்து நாளில் எங்கள் ஏழும் போச்சு. ஆயாவின் நாலும் போச்சு.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனார்கள். "பிப்ரவரியிலயே ஊசி போட்டோமே, அப்புறம் ஏம்மா செத்துச்சு?" என்று கேட்டார்கள். டாக்டரம்மா யோசித்தார். "ஊசி போட்ட கோழி இப்படி ஒண்ணுவிடாம சாகாதே" என்று சொல்லி என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. இது வெள்ளைக்கழிச்சல் என்றும், வைரஸால் வருவது என்றும், வந்தபிறகு மருந்து இல்லை என்றும் சொன்னார். எச்சம், தண்ணீர், கூடை, நம்முடைய கால் வழியாகக் கூடப் பரவுமாம். செத்த கோழியை வெளியில் வீசக்கூடாது, ஆழமாகக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். தாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் குஞ்சுக்கு ஏழாம் நாள் தனியாகச் சொட்டு மருந்து விடணும், எட்டு வாரத்துக்கு மேல் ஊசி போடணும் என்றார். பிறகு எங்கள் அறிவியல் டீச்சர், இதை நம் நாட்டில் இராணிக்கெட் நோய் என்பார்கள், அது உத்தரகாண்டில் உள்ள ஊர் என்று சொன்னார். இங்கிலாந்தில் 1926-இல் நியூகாசில் என்ற ஊரில் கண்டதால் மற்ற நாடுகளில் அந்தப் பெயராம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஆயாகிட்ட நீயே போய் சொல்லு" என்றார்கள். போய்ச் சொன்னேன். ஆயா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கிட்ட சொன்னா போதுமா? நா குஞ்சு குடுத்த மூணு வூட்லயும் வந்து சொல்லு" என்று சொல்லி, தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து முன்னால் நடந்தது.

முதல் வீட்டில் குஞ்சும் கோழியும் எல்லாமே செத்திருந்தது. அந்த அக்கா என்னைக் கண்டபடி திட்டினார்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இரண்டாவது வீட்டில் குஞ்சுகள் அப்போதுதான் சோர்ந்திருந்தன. சொன்ன உடனே தனியாகப் பிரித்து வைத்தார்கள். குஞ்சுகள் பிழைக்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் பெரிய கோழி ஐந்துக்கும் பிப்ரவரியில் ஊசி போட்டிருந்தார்கள். ஐந்தும் இன்றைக்கும் மேய்கிறது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது வீட்டில் கேட்டுவிட்டு, பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் வேலிச் சந்தில் காய் வரவில்லை. அம்மா முட்டைக் காசுக்குப் பதிலாக ஆயாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். நான் தினமும் சாயந்திரம் ஆயா செடிகளுக்குத் தண்ணீர் ஊத்தினேன். ஆயா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஊத்து என்றும் சொல்லவில்லை.

ஆடி பிறந்ததும் ஒருநாள் ஆயா, விதைக்கு விட்ட பீர்க்கங்காயை உடைத்து என் கையில் கொட்டியது. "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க. என்னால குனிய முடில. நீ வந்து ஊனு" என்று சொல்லுச்சு. ஊன்றினேன். இப்போது நாலு இலை விட்டிருக்கிறது.

கோழிக்கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் போட்டிருக்கிறோம். கூண்டு இன்னும் காலிதான். புதுசாக வாங்கலாமா என்று கேட்டதற்கு ஆயா, "ஊசிக்காரங்க வரட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டது.

பிப்ரவரியில் முகாம் வரும். உங்கள் வீட்டுக் கோழிகளைக் கட்டாயம் கொண்டு போங்கள். கொண்டுபோக ஆள் இல்லாத வீடு உங்கள் தெருவில் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். நானே கூடையைத் தூக்கிப் போகிறேன். என்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களும் கூட வாருங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி