மொள

சத்தியமங்கலத்துல பஸ் ஏறி, திம்பத்தோட 27 கொண்டை ஊசி வளைவையும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சபடியே தாண்டி, மைசூர்ல இறங்கினப்போ மத்தியானம். வயிறு மட்டும் இன்னும் பத்தாவது வளைவுலயே நின்னுட்டிருந்தது.

நேரா தேவராஜா மார்க்கெட். குங்குமம், மஞ்சள், ஊதான்னு பொடியைக் கோபுரம் கோபுரமா குவிச்சிருக்காங்க. பக்கத்துல நின்னு தும்மவே பயம். நஞ்சன்கூடு ரசபாளெ வாழைப்பழம் கேட்டா, கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே ஏலக்கிப் பழத்தைக் காட்டினார். சரி, அதுல அரை டஜன்.

பூக்காரம்மாகிட்ட அரைகுறைக் கன்னடத்துல விலை கேட்டேன். "மொள" என்று முழங்கையை நீட்டினாங்க. அட, நம்ம முழம்! முழங்கையிலேர்ந்து விரல்நுனி வரைக்கும் மல்லிகையை அளந்து, இலையில சுருட்டிக் கொடுத்தாங்க. நம்மூர் மாதிரி ஒரு விரக்கடை சேர்த்து விடுவாங்களான்னு பார்த்தேன். ம்ஹூம். அந்தம்மாவுக்குக் கையும் கொஞ்சம் குட்டை.