துய்ப்ளெக்ஸும் டூப்ளெக்ஸும்

மூலனூரில் என் மனைவி வழி மனை 2,400 சதுர அடி. அதில் இரண்டு மகன்களுக்கும் ஒட்டினாற்போல் இரண்டு மாடி வீடுகள், நடுவில் ஒரே சுவர் என்பது பெரியவன் திட்டம். "டூப்ளெக்ஸுங்கப்பா" என்றான். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்குக் கவர்னர் துய்ப்ளெக்ஸ்தான் நினைவுக்கு வந்தார்!

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? விதிகளைப் புரட்டினேன். 2019 கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு 2. கணக்குப்படி 4,800 சதுர அடி வரை கட்டலாம். ஆனால் 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் திட்டத்தில் இணையத்திலேயே உடனடி அனுமதி வேண்டுமென்றால் மனை 2,500க்குள், கட்டடம் 3,500க்குள், தரைத்தளமும் ஒரு மாடியும்தான் என்று அப்போது இருந்தது. ஆளுக்கு 1,750. தாராளம். அங்கீகாரமில்லாத மனையாக இருந்ததை முன்பே வரன்முறை செய்து வைத்திருந்தது நல்லதாயிற்று.

சிக்கல் அந்தச் சுவரில்தான். புதுச்சேரித் தெருக்களில் பொதுச்சுவர் சகஜம்; பிரெஞ்சுச் சட்டப்படி அது இருவருக்கும் சொந்தம், பழுதுச் செலவும் இருவருக்கும். பத்திரத்தில் அப்படியே எழுதிவிடலாம் என்றேன். சின்ன மருமகள், "மாமா, சுவரு தனித்தனியாவே இருக்கட்டுங்க" என்றாள். பெரியவன் பேசவில்லை. நடுவில் சந்து விட்டால் இரு வீடும் குறுகிப்போகும்.

இரவு மனைவி கேட்டாள்: "நாம ரெண்டு பேரும் எந்தப் பக்கங்க?"

வரைபடத்தை மறுபடி விரித்துப் பார்த்தேன். இரண்டு வீட்டிலும் படுக்கையறைகள் எல்லாம் மாடியில்.