சிற்றுயிர்க்கு விடைகொடுத்தல்

இறந்தாரை நினைந்து கல் நாட்டுதல் தமிழர் கண்ட பழமரபு. அக்கல் மனிதர்க்கு மட்டுமே உரியதென்று கருதுவோர்க்குத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் வியப்பளிக்கும். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்ததாகிய அக்கல்லிலே, பூசலில் மாண்ட வீரனின் அருகில் அவனது நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்வரைக் கடித்துக் காத்துநின்ற செய்தியும் எழுத்திலே பொறிக்கப்பட்டுள்ளன. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலே போர்ச் சேவலொன்றுக்கும் கல் உண்டு.

எனினும் இவை வீரத்துக்கு எடுத்த கற்கள். நாய் காவல் புரிந்தது. சேவல் களத்திலே பொருதது. எதனையும் காவாத, எதனோடும் பொராத, மனிதனுக்கு எப்பயனையும் நல்காத ஒரு சிற்றுயிர் மறையும்போது அதற்காக வருந்துவது தகுமா? தகுமெனின், அவ்வருத்தத்தின் பொருள் யாது? இவ்வினாவை உப்புவெளியில் ஒரு வீடு 2022 ஆம் ஆண்டிலே எதிர்கொள்ள நேர்ந்தது.

திருக்கோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி செல்லும் வீதியோரமாகக் கடலை அணைந்து கிடப்பது உப்புவெளி. அவ்வீட்டில் இருந்தவர் மூவர்: ஆசிரியையாகிய தாய், பாடசாலை செல்லும் மகள், முதுமையெய்திய அம்மம்மா. நான்காவதாக ஒரு கினிப்பன்றியும் இருந்தது. வெண்ணிறமாதலின் அதற்குப் பஞ்சு என்று பெயர். கினியிலிருந்து வந்ததுமன்று, பன்றி இனமுமன்று; தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இறைச்சிக்காகவும் சடங்குகளுக்காகவும் பழக்கிய கொறிவிலங்கு அது. ஒரு கிலோகிராம் அளவே நிறை; ஐந்து முதல் எட்டு ஆண்டுகளே ஆயுள். இலை நறுக்கும் ஓசை கேட்டதும் கீச்சென்று குரலெழுப்பும்; மகிழ்ச்சி மிகுந்தால் நின்ற இடத்திலேயே துள்ளும். அவ்வளவே அதன் வித்தைகள்.

இச்சிற்றுயிருக்கும் மனிதனுக்கும் பலரும் அறியாத உறவொன்று உண்டு. பெரும்பாலான பாலூட்டிகள் உயிர்ச்சத்து சி-யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்வன. அதற்கு வேண்டிய நொதியத்தைத் தரும் பரம்பரையலகு பழுதடைந்தமையால், மனிதனைப் போலவே கினிப்பன்றியும் அதனை உணவிலிருந்தே பெறவேண்டும். 1907 ஆம் ஆண்டு நோர்வேயில் ஹோல்ஸ்ற், ஃபுறோலிக் என்னும் அறிஞர் இருவர் தானியம் மட்டுமே உண்ட கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் தோன்றக் கண்டனர். முரசு வீங்கிக் குருதி கசியும் அந்நோயின் காரணத்தை அறிவதற்கு அதுவே வழி திறந்தது. பாய்க்கப்பற் காலத்தில் கடற்படைகளைப் பீரங்கியினும் கொடிதாக வாட்டியது ஸ்கர்வி. 1782 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் கைப்பற்றிய இத்துறைமுகம், அவ்வாறு நலிந்த மாலுமிகள் பலரைக் கண்டிருக்கும். அந்நோயின் மருமத்தை அவிழ்க்க உதவிய இனத்திலொன்று அத்துறைமுகத்தின் அயலில் ஒரு சிறுமியின் மடியில் வளர்ந்ததென்பது எண்ணத்தக்கது.

அம்மம்மாவுக்குத் தொடக்கத்தில் அதன்மீது பற்றில்லை. ஆயினும் பச்சை உணவு வேண்டுமென்று கேள்விப்பட்டதும் வளவிலிருந்த முருங்கையிலிருந்து நாள்தோறும் இலை ஒடித்துக் கொடுத்தவர் அவரே. முருங்கையிலையில் உயிர்ச்சத்து சி மிகுதி, கல்சியமும் மிகுதி. கினிப்பன்றியின் உடல் உணவுக் கல்சியத்தைப் பெருமளவு உறிஞ்சி, எஞ்சியதைச் சிறுநீர் வழியே கழிப்பது. ஆதலின் சிலவற்றின் சிறுநீர்ப்பையிலே கல் விளைகின்றது. உணவு மட்டுமே அதற்குக் காரணமென்று துணிய முடியாது. எனினும் அன்போடு ஊட்டிய கையே நோய்க்கும் துணைபோயிருக்கக்கூடும் என்ற எண்ணம் முதியவரை உறுத்தியது.

2021 ஆம் ஆண்டிலே முதன்முறையாகப் பஞ்சுவின் சிறுநீரிற் குருதி கண்டது. வேட்டையாடப்படும் விலங்குகள் நோயை மறைத்து வாழும் இயல்பின; வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். மலைநாட்டு நகரொன்றுக்குக் கொண்டுசென்று சத்திரசிகிச்சை செய்வித்துக் கல்லை அகற்றினர். பின்னர் அது உண்ண மறுத்த நாட்களில் தாயும் மகளும் முறைவைத்து, கரைத்த உணவை ஊசியில்லாத மருந்துக்குழலால் ஊட்டினர். கினிப்பன்றியின் குடல் ஓயாது இயங்கவேண்டியது. ஒரு நாள் உண்ணாதிருப்பினும் உயிருக்கு இடர். மூன்று வாரங்களில் அது தேறியது. முருங்கை நிறுத்தப்பட்டது, கொய்யாத் துண்டும் புல்லும் உணவாயின. சில மாதங்களில் நோய் மீண்டது, மருந்தால் தணிந்தது, மறுபடியும் மீண்டது.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மூன்றாம் முறையாகக் கல் தோன்றியபோது, நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்திருந்தது. எரிபொருளுக்கு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். மனிதருக்கே மருந்து அரிதாயிற்று. தீப்போற் காயும் கச்சான் காற்று வீசிய காலம் அது. கினிப்பன்றிக்கோ வெப்பம் ஆகாது. நனைத்த துணியைக் கூட்டின்மீது விரித்து மகள் காவலிருந்தாள். நூற்றெண்பது கிலோமீற்றர் பயணத்தை அது தாங்காதென்றும், தாங்கினும் கல் மீண்டும் விளையுமென்றும், வலியின்றி உறங்கச் செய்வதே இனி இயலுமென்றும் அயலிலிருந்த கால்நடை வைத்தியர் கூறினார்.

அவ்வீட்டில் உண்மையான போராட்டம் அப்போதுதான் தொடங்கிற்று. உயிரைக் கொடுக்க மாட்டாதவர் உயிரைப் போக்கலாமா என்பது சைவ ஒழுக்கத்தில் ஊறிய அம்மம்மாவின் வினா. தீராதென்று தெரிந்த வலியை நீட்டித்தல் யார் பொருட்டு என்பது தாயின் வினா. மகளோ வினாவேதும் எழுப்பாமல், அது ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் எழுப்பிய மெல்லிய ஓலத்தை இரண்டு நாட்கள் செவிமடுத்தாள். மூன்றாம் நாள் அவளே, “வைத்தியரைக் கூப்பிடுங்கோ அம்மா” என்றாள். தன் பொருட்டே அதனை இருத்திவைத்திருந்ததை அவள் உணர்ந்துகொண்டாள் போலும். வைத்தியர் வந்தார். மயக்க மருந்து ஏறும்வரை பஞ்சு அவள் மடியிலேயே கிடந்தது.

அன்று மாலை அயலார் ஒருவர், “மனிசர் செத்தே அழுது முடியேல்லை, இதுக்குமோ?” என்றார். அவர் கூற்றையும் எளிதிலே தள்ளிவிட முடியாது. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த துறைமுகம் இது. இரண்டாம் உலகப்போரில் மாண்டோரின் கல்லறைகள் நிரல்பட நிற்கும் மயானம் உப்புவெளியிலேயே உள்ளது. பின்வந்த உள்நாட்டுப் போரில் இம்மாவட்டத்தின் மூவின மக்களும் உறவுகளை இழந்தனர். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் எழுந்து வந்தது. இத்தனை பேரிழப்புகளின் நடுவே ஒரு கொறிவிலங்குக்குக் கண்ணீர் என்பது சிலர் காதில் நகையாகவே ஒலிக்கும்.

மறுமொழி தந்தவர் எவரும் எதிர்பாராத அம்மம்மா. “என்ரை தம்பியைக் கடல் கொண்டு போச்சு. முகத்தைக்கூடப் பாக்கேல்லை. பிள்ளை பாத்து அனுப்பியிருக்கிறாள், அழட்டும்” என்றார் அவர். பதினெட்டு ஆண்டுகளாகத் தம்பியின் பேரையே எடுக்காதிருந்தவர், முருங்கையின் கீழ்க் குழி தோண்டுவதற்கு இடத்தையும் தாமே காட்டினார்.

இச்சொற்களில் அடங்கிய உண்மை ஆழ்ந்து நோக்கற்பாலது. துயரம் என்பது நிறுத்துப் பார்த்து, பெரியதற்கு இவ்வளவு, சிறியதற்கு இவ்வளவு என்று பங்கிடும் பண்டமன்று. சிறியதற்கு அழுதமையால் பெரியதற்குரிய கண்ணீர் குறைந்துவிடுவதுமில்லை. இக்கரையோரத்தில் எத்தனையோ பேர் விடைகொடுக்கும் பேறுதானும் இன்றி உறவுகளை இழந்தனர். உடலைக் காணாதவர் உண்டு. காணாமற் போனாரை இன்னும் எதிர்பார்த்திருப்போரும் உண்டு. அருகிருந்து, தொட்டு, போய்வா என்று அனுப்பிவைத்தல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அது வாய்த்தவர் அதனை முறையாகச் செய்து முடிப்பது, வாய்க்காதவர்க்கும் செய்யும் மரியாதையேயாகும்.

பயன் கருதாத அன்பு எளியதன்று. கோவிவனுக்கு நன்றிக் கடன் இருந்தது, கல் எழுந்தது. பஞ்சுவுக்கு எவரும் எக்கடனும் பட்டிருக்கவில்லை. கடனில்லாத இடத்தில் செய்த ஊழியமும், தன் துணையைத் தானே இழக்கத் துணிந்து அதன் வலியை நீக்கிய அறமும் அவ்வீட்டாரின் உள்ளத்தை அளந்து காட்டுவன. பெரும் பிரிவுகளைத் தாங்கும் வலிமையைப் பலரும் இத்தகைய சிறு பிரிவுகளிலேதான் முதன்முதலிற் பயில்கின்றனர். அப்பயிற்சியை நகையாடுவோர், பின்னொரு நாள் தமக்கே அது வேண்டியிருக்கும் என்பதை மறந்தோராவர்.