பதினொரு வரி

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வரும் பழைய மாணாக்கருள் இரண்டொருவராவது எமது வீட்டுப் படலையைத் திறவாமற் போவதில்லை. இம்முறை வந்தவன் என்னிடம் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயின்றவன். மொறட்டுவையிற் பட்டம் பெற்று, கொழும்பில் மென்பொருட் பொறியியலாளனாக இருக்கிறான். பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்து வீட்டிலிருக்கும் என் மகளை, இணையத்தளம் ஆக்கும் மூன்று மாத வகுப்பொன்றிற் சேர்த்து முற்பணமும் கட்டியிருந்தேன். அவன் அபிப்பிராயத்தை அறிய எண்ணி விளம்பரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அதில் ஏறக்குறைய இருபது கருவிகளின் பெயர்கள் இருந்தன. வாசித்துவிட்டுச் சிரித்தான். "சேர், இது கடைச் சாமான் பட்டியல். சமையலும் சொல்லித் தருவார்களோ?" என்றான்.

விறாந்தையில் தேநீர் ஆறும்வரை அவன் சொன்னதன் சாரம் இது. இணையப் பக்கம் ஒன்றுக்கு அடிப்படையானவை மூன்றே. பக்கத்தின் கட்டமைப்புக்கு எச்.ரி.எம்.எல்., தோற்றத்துக்கு சி.எஸ்.எஸ்., இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட். இம்மூன்றாவதை 1995இல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஆக்கினாராம். அவசரப் பிள்ளையாயினும் இன்றளவும் நிலைத்து நிற்கிறது. அதன்மேல் எழுந்த கருவிகளோ ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகின்றன: 2006இல் ஜேகுவரி, 2010இல் அங்குலர், 2013இல் ரியாக்ட், 2014இல் வியூ. இவன் முதல் உத்தியோகத்திற் கற்றது அங்குலர். 2016இல் ஆக்கியோரே அதனை முற்றிலும் புதிதாக எழுதிவிட்டனர். பழைய நிரல் புதியதிற் பொருந்தவில்லை. ஈராண்டு உழைப்பைத் திரும்ப எழுதினோம் என்றான்.

பின்னர் அவன் கூறிய சம்பவத்தை நான் முன்பு கேட்டதில்லை. எழுத்துத் தொடரொன்றின் இடப்பக்கத்தில் வேண்டிய அளவு வெற்றிடமோ பூச்சியமோ சேர்க்கும் 11 வரி நிரலொன்றை ஒருவர் எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் வைத்திருந்தார். உலகெங்குமுள்ள பெரிய மென்பொருள்கள் தாமும் அறியாமலே அதன்மேல் தங்கியிருந்தன. 2016 மார்ச்சில், பெயர் பற்றிய பிணக்கொன்றினால், அவர் தம் நிரல்களையெல்லாம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். பல நாடுகளிற் பொறியியலாளர் வேலை ஓடாமல் திகைத்தனர். சில மணி நேரத்துள் அதனை மீள வைத்த பின்னரே நிலைமை சீரடைந்தது.

"அந்த 11 வரியை நாங்களே எழுதியிருக்கலாம், சேர். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அதை எழுதத் தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. எந்தக் கருவியில் எத்தனை வருட அனுபவம் என்றுதான் கேட்கிறார்கள்."

கந்தோர் நடைமுறை பற்றியும் குறைபட்டான். காலையில் எல்லோரும் நின்றபடி 15 நிமிடம் கூட்டம். கால் கடுத்தாற் பேச்சுக் குறையும் என்பது தத்துவமாம். இவர்களுடைய கூட்டமோ முக்கால் மணி நீள்கிறது. (எமது ஆசிரியர் கூட்டங்களில் இருக்கையாவது உண்டு.) வேலை பிந்தினால் மேலும் நால்வரைச் சேர்க்கிறார்கள், அந்நால்வருக்கு விளக்குவதிலேயே பழையவர்களின் நாள் போய்விடுகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரும் மென்பொருள் வேலையை நடத்திய பிரெட் புறூக்ஸ், பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று 1975இலேயே நூல் எழுதிவிட்டாராம்.

"அப்படியென்றால் ரியாக்ட் படிக்க வேண்டாமா, அண்ணா?" என்றாள் மகள்.

"படிக்கத்தான் வேண்டும். சம்பளம் அதற்குத்தான். அதற்கு முன் ஒரு கிழமை, கருவி ஒன்றுமில்லாமல் ஒரு பக்கம் எழுதிப் பார்" என்றவன், என் பக்கம் திரும்பினான். "நீங்கள் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை முதலிற் சொல்லவில்லை, சேர். வர்க்கபூர்த்தி செய்து செய்து, இரண்டாம் பாடவேளை முடியும்போது அது தானாகவே கரும்பலகையில் வந்து நின்றது. நான் இன்னும் மறக்கவில்லை."

எனக்கு மகிழ்ச்சியைவிடக் கூச்சமே மிகுந்தது. பாடத்திட்டம் முடிய வேண்டுமென்று, சில ஆண்டுகளாக அச்சூத்திரத்தை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்தகால வினாத்தாளுக்குப் போய்விடுகிறேன். அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

அவன் கொழும்புக்குத் திரும்புமுன் இன்னொரு நாள் வந்தான். மகள் திருவிழாவின் 25 நாட்களையும் காட்டும் பக்கம் ஒன்று எழுதியிருந்தாள். தாயாரின் பழைய கைத்தொலைபேசியிலும் அது திறந்தது. முதல் ஒன்பது நாட்களின் இலக்கங்கள் ஒழுங்காக நிற்பதற்காக இடப்பக்கம் பூச்சியம் சேர்க்க ஏழு வரி நிரல் எழுதியிருந்தாள். பார்த்தவன், 2017 முதல் அவ்வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே உண்டு என்றான்.

"முதலே சொல்லியிருக்கலாமே" என்று அவள் முகத்தைச் சுளித்தாள். ஆயினும் அந்த ஏழு வரியை அவள் அழிக்கவில்லை.

முற்பணம் திருப்பித் தரப்பட மாட்டாதாம். திங்கட்கிழமை முதல் வகுப்புக்குப் போகிறாள். எனக்கும் அடுத்த தவணையில் இருபடிச் சமன்பாடு வருகிறது. இரண்டு பாடவேளைகளை எங்கிருந்து எடுப்பது என்று நேரசூசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.