கேளாமல் எழுதப்படும் தீர்ப்புகள்

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் காருட் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே மதரஸாவில் பயின்ற மூன்று மாணவியர் 2014ஆம் ஆண்டு ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். பெயர் 'வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்'. பாசெப்ரோட் என்பது சுண்டானிய மொழிச் சொல். இரைச்சல் என்று பொருள்படும். மார்ஸ்யா கிடார் இசைத்துக்கொண்டே பாடுகிறார்; விதி பேஸ் கிடார் வாசிக்கிறார்; சித்தி டிரம்ஸ் முழக்குகிறார். மூவரும் ஹிஜாப் அணிந்தே மேடையேறுகின்றனர். இவர்கள் இசைப்பது மெட்டல். 2022இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவிலும், 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவிலும் இசைத்தனர். இவர்களுடைய முதல் முழு ஆல்பமான 'ரெதாஸ்' 2023இல் வெளியாயிற்று.

இந்த ஆல்பத்தை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் எங்கள் மகள். கடலூரிலிருந்து அவள் ஏறும் பாசஞ்சர் ரயிலில் இது அவளுக்குத் துணையாம். கிடார் கற்க வேண்டும் என்ற விருப்பத்தையும் இதனுடன் சேர்த்தே எங்கள் முன் வைத்தாள். "வாப்பா, வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். உம்மா, நீங்களும்தான்" என்றாள். நியாயமான நிபந்தனை. ஏற்றுக்கொண்டோம்.

கேட்பதற்கு முன் இவர்களைப் பற்றி வந்திருந்த கருத்துகளைப் படித்தோம். ஆங்கில இதழ்களில் நாங்கள் கண்ட பாராட்டுகள் பெரும்பாலும் முக்காட்டிலிருந்தே தொடங்கின. தலையை மூடிய பெண்கள் இவ்வளவு உரக்கப் பாடுகிறார்களே என்ற வியப்பு. அவ்வியப்புக்குள் ஒளிந்திருக்கும் ஏளனம் எழுதியவர்களுக்கே தெரியுமோ என்னவோ! மறுபுறம், எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் வந்த கண்டனங்களும் அதே முக்காட்டிலிருந்துதான் தொடங்கின. ஹிஜாபுக்கு இழுக்கு என்று மூன்று பேர் எழுதினர். பாடல் ஒன்றையேனும் கேட்டீர்களா என்று வினவினோம், மறுமொழி இல்லை. பாராட்டியவரும் பழித்தவரும் பார்த்தது ஒரே புகைப்படத்தை.

இசை விமர்சனம் தமிழுக்குப் புதிதன்று. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் கல்கி எழுதிய கச்சேரி விமர்சனங்களை எங்கள் வீட்டு மூத்தவர்கள் சிலாகித்துக் கேட்டிருக்கிறோம். இராக இலக்கணம் அறியாதவரும் படிக்கும்படி எழுதினார். நன்றாக இல்லாததை நன்றாக இல்லை என்றும் எழுதினார். 1941இல் இதே அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியபோது, இசைக்கு மொழி எதற்கு என்றோர் எதிர்க்குரல் எழுந்ததை வரலாறு அறியும். அந்த வாதத்தில் நாங்கள் தமிழிசையின் பக்கமே. ஆயினும் சுண்டானிய மொழியில் ஓர் எழுத்தும் அறியாத நாங்கள் இந்தப் பெண்களைக் கேட்க அமர்ந்தபோது, அந்த எதிர்க்குரலும் சற்று உதவிற்று.

இனி ஆல்பத்துக்கு வருவோம். இதன் முதுகெலும்பு சித்தியின் டிரம்ஸ். வேகம் மாறும் இடங்களில் தடுமாற்றமே இல்லை. எங்கே அடிக்காமல் விட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிகிறது. விதியின் பேஸ் வெறும் அடித்தளமாக நின்றுவிடாமல் துள்ளிக்கொண்டே முன்னால் வருகிறது. மார்ஸ்யாவின் குரல் பேச்சாகத் தொடங்கி முழக்கமாக ஏறுகிறது. குறையும் உண்டு. 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்', 'சிஸ்டம் ஆஃப் எ டவுன்' ஆகிய அமெரிக்கக் குழுக்களின் நிழல் பல இடங்களில் நீளமாக விழுகிறது. முதலாம் குழுவின் டாம் மொரெல்லோ இவர்களைப் பாராட்டியவர். ஆசானின் பாராட்டைப் பெறுவது வேறு, ஆசானின் நிழலைவிட்டு வெளியேறுவது வேறு. 'ஸ்கூல் ரெவல்யூஷன்' 2018லேயே தனியாக வெளிவந்த பாடல். இத்தகைய பழைய பாடல்கள் புதியவற்றுடன் அடுக்கப்பட்டிருப்பதால், பல ஆண்டுகளின் திரட்டைக் கேட்பது போன்ற உணர்வு ஏற்படுகிறது. ஆங்கில வரிகள் சில ஊர்வல முழக்க அட்டை போலத் தட்டையாக உள்ளன. பெண்ணுடல் பொதுச்சொத்து அன்று என்று சொல்லும் பாடலுக்கு மட்டும் அந்தத் தட்டைத்தன்மையே பலமாகிறது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டிய தேவை என்ன?

எங்களை நெடுநேரம் பேசவைத்தது, இசைக்க அனுமதி தருமாறு இறைவனை வேண்டும் பாடல். 2022இல் முதலில் வந்தது. ஊரில் எதிர்ப்பையும் மிரட்டலையும் சந்தித்தவர்கள், அந்த ஊரைப் பார்த்து வாதாடாமல் இறைவனை விளித்துப் பாடுகிறார்கள். "இது துஆவின் வடிவம் அல்லவா?" என்றார் எங்களில் ஒருவர். "அனுமதி கேட்பவர் மறுப்பையும் ஏற்கும் மனத்தோடு கேட்க வேண்டும், அந்த மனம் பாட்டில் தெரியவில்லையே" என்றார் மற்றவர். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாவா முஸ்லிம்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ரயில் நிற்கும் பரங்கிப்பேட்டை மரைக்காயர்களும் அப்படியே. அத்துறையிலிருந்து ஒரு காலத்தில் கப்பல்கள் அச்சேக்கும் கெடாவுக்கும் போய்வந்தன. ஆகவே அந்தப் பெண்களின் ஊரில் எழும் மார்க்கக் கேள்வி நமக்கு அந்நியமானதன்று. ஷாஃபிஈ அறிஞரான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் இசை கேட்பது பற்றித் தனிப்பகுதியே எழுதினார். இனிய ஓசை தன்னளவில் தடுக்கப்பட்டதன்று என்று வாதிட்ட அவரும், நரம்புக் கருவிகளை விலக்கினார். மது அருந்துவோரின் அடையாளமாக அவை இருந்ததைக் காரணம் காட்டினார். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களும் நரம்புக் கருவிகளைத் தடுப்பவர்களே. தடை பற்றிய ஹதீஸ்கள் வலுவற்றவை என்று கூறிய இப்னு ஹஸ்ம் போன்றோரும் இருந்தனர். திருமணத்தில் தஃப் அடிக்கலாம் என்பதை அனைவரும் அறிவோம்.

மகளுக்கு நாங்கள் இதையெல்லாம் மறைக்கவில்லை. கிடார் ஆகுமா என்பது ஆலிமிடம் கேட்க வேண்டிய கேள்வி. 'ரெதாஸ்' நல்ல ஆல்பமா என்பது காது கொடுத்துக் கேட்டவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. முதலாவதற்குப் பதில் 'ஆகாது' என்று வந்தாலும், சித்தியின் டிரம்ஸ் மோசம் என்று நாங்கள் எழுத முடியாது. டிரம்ஸ் அருமை என்பதற்காக முதல் கேள்வியைத் தட்டிக் கழிக்கவும் முடியாது.

கிடார் குறித்து எங்கள் இருவருக்குள்ளும் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆலிமிடம் கேட்க வேண்டியதை அவளே தாளில் எழுதி வைத்திருக்கிறாள்; கஸ்ஸாலி இமாம் சொன்ன காரணம் இன்றைய கிடாருக்குப் பொருந்துமா என்பதையும் அதில் சேர்த்திருக்கிறாள். எங்கள் விமர்சனத்தில் ஆங்கில வரிகளைப் பற்றிச் சொன்னதை மட்டும் அவள் ஏற்கவில்லை. தில்லியைச் சேர்ந்த 'பிளட்டிவுட்' குழுவின் 'நு டெல்லி' 2025இல் வந்திருக்கிறதாம். அக்குழுவினரின் மெட்டலில் பஞ்சாபி டோலும் புல்லாங்குழலும் கலந்து ஒலிக்குமாம். அடுத்த வாரம் அதை முழுவதும் கேட்டுவைக்கும்படி சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்கு ரயிலேறினாள்.